நூறு சதவீதப் புரிதல்

போன கல்வியாண்டு முழுவதும் நான் ஒரு நாள்கூட வகுப்பில் பாடம் நடத்தவில்லை. அதைப் பாராட்டிப் பல்கலைக்கழகம் எனக்கு ஒரு சான்றிதழ் கொடுத்திருக்கிறது. சட்டமும் கண்ணாடியும் போட்டுத்தான் கொடுத்தார்கள். பார்க்கக் கூசுகிறது என்று பீரோவுக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறேன்.

என் பெயர் பூவனநாதன். கோவில்பட்டிக்கு வெளியே மக்காச்சோளக் காட்டுக்கு நடுவில் இருக்கிற பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரியில் ஆங்கிலம் சொல்லித்தருகிற கௌரவ விரிவுரையாளர். கௌரவம் என்னவென்றால், மே மாதம் வேலை போய்விடும். ஜூன் மாதம் துறைத்தலைவர் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் திரும்ப வரும். ஒன்பது வருஷமாக இப்படித்தான்.

கையெழுத்துப் போடுகிறவர் முனைவர் உக்கிரபாண்டி. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பல்கலைக்கழகத்திலிருந்து போன் வந்தால் நாற்காலியை விட்டு எழுந்து நின்று பேசுகிற மனிதர். அவர்தான் போன ஜூனில் ஒரு சுற்றறிக்கையோடு துறைக்குள் வந்தார். இனிமேல் ஆங்கிலம் எல்லாம் தலைகீழ்க் கற்றல் முறையில்தான் என்றார். ஆசிரியர் பாடத்தை வீடியோவாகப் பதிந்து இணையத்தில் போட்டுவிட வேண்டும். மாணவர்கள் அதை வீட்டில் பார்த்துப் படித்துக்கொண்டு வர வேண்டும். வகுப்பில் பாடம் கிடையாது. விவாதம், குழு வேலை, செயல்பாடு இவைதான். கேட்பதற்கு நல்ல யோசனைதான். வீட்டில் மேசையும் நாற்காலியும் சும்மா இருக்கிற நேரமும் உள்ள ஊர்களில் நன்றாகவே நடந்திருக்கும்.

ஆரம்பிப்பதற்கு முன்னால் எங்கள் மனப்பான்மையை அளந்தார்கள். ஐம்பத்திரண்டு வாக்கியங்கள் கொண்ட படிவம். ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘மிகவும் ஒப்புக்கொள்கிறேன்’ தொடங்கி ‘சற்றும் ஒப்புக்கொள்ளவில்லை’ வரை ஐந்து கட்டங்கள். நாங்கள் எல்லாரும் முதல் கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை டிக் போட்டுக் கொடுத்தோம். யாரும் படிக்கவில்லை. முப்பத்தோராவது வாக்கியம் ‘இந்தத் தொழில்நுட்பம் எனக்கு அச்சமூட்டுகிறது’ என்று இருந்திருக்கிறது. அதையும் மிகவும் ஒப்புக்கொண்டிருந்தோம். ‘ஆங்கிலத்துறை ஆசிரியர்கள் புதிய முறையை மிகுந்த அச்சத்தோடு வரவேற்கிறார்கள்’ என்று அறிக்கை வந்தது. அந்த வருஷம் எங்களைப் பற்றி எழுதப்பட்டதில் உண்மையான வாக்கியம் அது ஒன்றுதான்.

வள்ளிமயில் மேடம் மட்டும் எல்லாவற்றுக்கும் ‘நடுநிலை’ என்று போட்டிருந்தார். இருபத்தேழு வருஷ அனுபவம். எப்போதும்வென்றான் கிராமத்திலிருந்தும் கடம்பூர்ப் பக்கத்துக் காடுகளிலிருந்தும், தன் பெயரை ஆங்கிலத்தில் எழுதத் தடுமாறி வந்த எத்தனையோ பிள்ளைகளைப் பக்கம் பக்கமாக எழுத வைத்து அனுப்பியவர்.

“ஏன் மேடம் நடுநிலைன்னு போட்டீங்க?” என்று உக்கிரபாண்டி கேட்டார்.

“நான் இன்னும் செஞ்சே பாக்கலையே சார். செஞ்சு பாத்துட்டுச் சொல்லுதேன்.”

அதற்குப் பெயர் மனப்பான்மைக் குறைபாடு. குறைபாடு தீர்வதற்காக அவரைப் பல்கலைக்கழகத்தில் மூன்று நாள் முகாமுக்கு அனுப்பினார்கள். முகாமை நடத்தியவர் தலைகீழ்க் கற்றல் மையத்தின் இயக்குநர் அழகிரிசாமி. ‘ஆசிரியர் பேசக் கூடாது’ என்ற தலைப்பில் மூன்று நாளும் அவரே பேசினாராம். கடைசியில் கேள்விக்கு நேரமில்லை என்று சொல்லி, சந்தேகங்களை வீட்டில் போய் யோசித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

ஆகஸ்டில் எங்கள் வகுப்பறைகளின் கரும்பலகைகளை மறைத்து அறைக்கொரு ஃபிளக்ஸ் கட்டினார்கள். ‘இங்கே யாரும் பாடம் நடத்துவதில்லை’ என்று பச்சை எழுத்தில் போட்டிருந்தது. முதல் வருஷப் பிள்ளைகளைச் சேர்க்க வந்த பெற்றோர் சிலர் அதைப் படித்துவிட்டு எங்களைப் பார்த்த பார்வையை நான் எழுத விரும்பவில்லை.

எனக்கு ஒதுக்கிய பாடம் சுருக்கி எழுதுதல். ஒரு பத்தியைக் கொடுப்பார்கள். அதைப் படித்துவிட்டு மூன்றில் ஒரு பங்காகச் சொந்த வார்த்தையில் எழுத வேண்டும். கடைசிப் பருவத் தேர்வில் நாற்பது மதிப்பெண் அதற்கு. முன்பெல்லாம் வகுப்பில் தமிழில்தான் விளக்குவேன். புரிந்த பிறகு ஆங்கிலத்துக்கு வருவேன். வீடியோவில் அது முடியாது. தமிழ் ஒரு வார்த்தை கேட்டாலும் மென்பொருள் கண்டுபிடித்து வீடியோவுக்கான மதிப்பெண்ணைக் குறைக்கும் என்றார்கள். அதனால் வீட்டுச் சமையலறையில் போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துக்கொண்டு, எனக்கே அந்நியமாகக் கேட்கிற ஆங்கிலத்தில் நாற்பத்து மூன்று நிமிடம் பேசினேன். நடுவில் ஒருமுறை இருமினேன். குக்கர் மூன்று விசில் அடித்தது. “ஏங்க, கேஸ்காரர் வந்திருக்காவ” என்று மனைவி கூப்பிட்டாள். அந்த ஒரு வாக்கியத்துக்காக எனக்கு இரண்டு மதிப்பெண் குறைந்தது.

யார் எவ்வளவு பார்த்தார்கள் என்று காட்ட ஒரு டேஷ்போர்டு உண்டு. உக்கிரபாண்டியின் அறையில் பெரிய திரையில் அது எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் அந்தப் பிள்ளைக்குக் குழப்பம் என்று அர்த்தம். பின்னால் தள்ளித் திரும்பப் பார்த்தால் பலவீனம். ஒரு தடவைகூடத் தொடாமல் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை பார்த்தால் நூறு சதவீதப் புரிதல். உள்மதிப்பெண் முழுசாக வேண்டுமென்றால் முப்பது தடவை பார்த்திருக்க வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் ஆறாவது நிமிடத்தோடு என்னை அணைத்துவிட்டார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை.

அக்டோபர் மாதம் உக்கிரபாண்டி என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். ஒரு பெயருக்கு நேரே பச்சைக்கோடு முழு நீளத்துக்கு ஓடியிருந்தது.

“ஏ பூவனநாதன், பாத்தீரா? நாப்பத்தெட்டுத் தடவ. ஒரு தடவகூட நிறுத்தல. நம்ம பல்கலைக்கழகத்துலயே இப்படி ஒரு புள்ள கெடையாதாம். யாருய்யா இந்தச் சந்தனமாரி?”

பி.காம். மூன்றாம் வருஷம். கழுகுமலைக்குப் பக்கத்துக் கிராமம். எல்லாத் தாளிலும் ஒழுங்காகத் தேறி வந்த பெண். என்னைத் தாழ்வாரத்தில் பார்த்தால் நின்று பேசுவாள். நான் போய் விசாரித்தேன்.

“அதுவா சார்? காலையில காலேஜுக்கு வாரதுக்கு முந்தியும் சாயந்தரம் போயும் தீப்பெட்டி ஆபீஸ்ல லேபிள் ஒட்டுதேன். வீட்டுல படிக்க நேரம் எங்க சார் இருக்கு? போனை ஜன்னல்ல சாத்தி வச்சு உங்கள ஓட விட்டுருவேன். கையெல்லாம் பசை. நிறுத்தணும்னாலும் தொட ஏலாதுல்லா.”

“கூட வேலை செய்யுறவங்க ஒண்ணும் சொல்லலையா?”

“மொதல்ல ஏசுனாவ. இப்பம் எல்லாருக்கும் பாடமாயிட்டு. பாலம்மாக்கா கோழிய வெரட்டும்போதுகூட ‘டியர் ஸ்டூடண்ட்ஸ்’னுதான் சொல்லுதாவ.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

“சார், முழுசும் காதுல விழுந்துட்டு. ஆனா ஒண்ணுமே வெளங்கல. இந்த இங்கிலீஷ் ஒண்ணுதான் பயமா இருக்கு. டிகிரிய முடிச்சிட்டு ஜூன்ல வந்து உக்காருன்னு கோவில்பட்டியில ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல சொல்லிருக்காவ. இதுல போச்சுன்னா எனக்குப் பசைச் சட்டிதான் சார். பழைய மாதிரி ஒரு தடவ தமிழ்ல சொல்லிருங்களேன்.”

சொல்லித்தரப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. ஆனால் அது வள்ளிமயில் மேடத்துக்கு மெமோ வந்த வாரம்.

மேடம் கதவைச் சாத்திக்கொண்டு, ஃபிளக்ஸை ஓரமாக ஒதுக்கிவிட்டு, கரும்பலகையில் எழுதியிருக்கிறார். வகுப்பறையில் மாட்டியிருந்த கேமராவில் அது பதிந்துவிட்டது. ‘வகுப்பறையில் பாடம் நடத்தியது குறித்து விளக்கம் கோருதல்’ என்று மெமோ. மேடம் ஒரே வார்த்தையில் பதில் எழுதிக் கொடுத்தார்: பழக்கதோஷம். மறு வாரம் அவரை நூலகத்துக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே பேசக் கூடாது என்பதால் மறுபடி குற்றம் செய்ய வழியில்லை என்று உக்கிரபாண்டி சொன்னார். நிரந்தர வேலையில் இருக்கிறவருக்கே நூலகம் என்றால் எனக்கு எது என்று எனக்குத் தெரியும்.

“வகுப்புல பாப்போம்மா” என்று சந்தனமாரியிடம் சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

வகுப்பில் கேட்டாள். அன்றைக்குக் கடைசி பெஞ்சில் உக்கிரபாண்டி உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு படிவம். முதல் கேள்வியே ‘ஆசிரியர் பேசிய நிமிடங்கள்’. நான் விதிப்படி ஓரத்தில் சுவரோடு நின்றுகொண்டிருந்தேன். சந்தனமாரி எழுந்து, “சார், சொந்த வார்த்தையில சுருக்குறதுன்னா எப்படின்னு சொல்லுங்க சார்” என்றாள். அறுபது பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். எனக்கு வாய் ஊறியது. பதில் நாக்கு நுனியில் இருந்தது.

“குழுவா உக்காந்து விவாதிச்சு நீங்களே கண்டுபிடிங்கம்மா” என்றேன்.

அவள் குழுவில் நான்கு பெண்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சார்ட் பேப்பரை விரித்து ஸ்கெட்ச் பேனாவால் சுற்றிலும் பூ பார்டர் போட ஆரம்பித்தார்கள். மணி அடிக்கும்வரை போட்டார்கள். பார்டர் நன்றாக இருந்தது. நடுவில் ஒன்றும் இல்லை. என் படிவத்தில் ‘பேசிய நிமிடங்கள்: பூஜ்யம். மிகச் சிறப்பு’ என்று எழுதியிருந்தது.

மனசு கேட்காமல் அன்று சாயங்காலம் உக்கிரபாண்டியின் அறைக்குப் போனேன். “சார், அந்தப் பொண்ணுக்குப் பாடம் புரியலைன்னு சொல்லுது” என்றேன்.

அவர் திரையைக் காட்டினார். “நூறு சதவீதம் புரிஞ்சிருக்குன்னு இதுல போட்டிருக்கு. அந்தப் புள்ளைக்கு என்ன தெரியும்?”

பிப்ரவரியில் இயக்குநர் அழகிரிசாமியே நேரில் வந்தார், எங்கள் கல்லூரிக்கு விருது கொடுக்க. சந்தனமாரியை மேடையில் ஏற்றினார்கள். தீப்பெட்டி ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு, யாரிடமோ இரவல் வாங்கிய பட்டுத் தாவணியில் வந்திருந்தாள். “இந்த வீடியோவிலிருந்து நீ கற்றதைச் சொல்லம்மா” என்றார் இயக்குநர்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். என் ஆங்கிலம், ஒரு எழுத்து பிசகாமல். நான் நிறுத்திய இடத்தில் நிறுத்தினாள். இருமிய இடத்தில் இருமினாள். குக்கர் விசிலடித்த இடம் வந்ததும் மூன்று விசில் நேரம் பேசாமல் நின்றாள். “ஏங்க, கேஸ்காரர் வந்திருக்காவ” என்று என் மனைவி குரலிலேயே சொன்னாள். விழா பார்க்க வந்து பின்வரிசையில் இருந்த என் மனைவி முகத்தை மூடிக்கொண்டாள். நாற்பத்து மூன்று நிமிடம். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

கைதட்டல் ஓய்ந்ததும் அவள் மைக்கை விடவில்லை. என்னைத் தேடிப் பார்த்துக் கேட்டாள்: “சார், இதுக்கு என்ன சார் அர்த்தம்?”

அழகிரிசாமிக்குக் கண்ணே கலங்கிவிட்டது. “பார்த்தீர்களா! கேள்வி கேட்கிறாள்! இந்த ஒரு கேள்விக்காகத்தான் இத்தனை கோடி செலவழித்தோம்” என்றார். நான் எழுந்ததைப் பார்த்துவிட்டுக் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். “பதில் சொல்லிவிடாதீர்கள் பூவனநாதன். பதில் சொன்னால் அந்தக் கேள்வி செத்துப்போகும். அது அவளிடம் உயிரோடு இருக்கட்டும்.”

நான் உட்கார்ந்தேன். என் சான்றிதழை அன்றைக்குத்தான் கொடுத்தார்கள்.

ஏப்ரலில் தேர்வு. பள்ளிக்கூடம் தொடங்குவது பற்றி ஒரு பத்தியைக் கொடுத்துச் சுருக்கி எழுதச் சொல்லியிருந்தார்கள். சந்தனமாரி பாவம், தனக்குத் தெரிந்ததை எழுதினாள். ‘டியர் ஸ்டூடண்ட்ஸ்’ தொடங்கிப் பதினெட்டுப் பக்கம். மனைவி கூப்பிட்டதைக்கூட ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தாள். ஏதாவது ஒரு வரிக்காவது மதிப்பெண் விழாதா என்று நினைத்திருப்பாள். விடைத்தாள்களை இப்போது மென்பொருள் பரிசோதிக்கிறது. இணையத்தில் உள்ள என் வீடியோவோடு நூறு சதவீதம் ஒத்துப்போகிறது என்று சிவப்பில் காட்டிவிட்டது.

மே மாதம் விசாரணை. மேசைக்கு அந்தப் பக்கம் அழகிரிசாமியும் உக்கிரபாண்டியும். இந்தப் பக்கம் அவள் நின்றுகொண்டிருந்தாள். சாட்சி என்பதால் எனக்கு நாற்காலி போட்டிருந்தார்கள்.

“போனை எங்கே ஒளித்து வைத்திருந்தாய்?” என்றார் அழகிரிசாமி.

“போனே கொண்டு போகல சார். மனப்பாடமா தெரியும் சார். இப்பம் சொல்லவா?”

தேர்வறைக் கண்காணிப்பாளர் அவளிடம் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்திருந்ததை உக்கிரபாண்டி மெல்ல எடுத்துக் காட்டினார். “கிடைக்கவில்லை என்பது அவளுடைய திறமையைத்தான் காட்டுகிறது” என்றார் அழகிரிசாமி.

“பிப்ரவரியில நாமளே மேடையில கேட்டோம்லா சார். சொல்லுச்சே” என்று உக்கிரபாண்டி இழுத்தார். அவருக்கும் ஒரு மனசு இருந்திருக்கிறது. ஒன்பது வருஷத்தில் நான் அதைப் பார்த்தது அந்த அரை நிமிடம்தான்.

அழகிரிசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பொறுமையாகவே பேசினார். “பேராசிரியர் சொல்வது எனக்கும் தெரியும். யோசித்துப் பாருங்கள். காப்பியடித்தாள் என்றால் அது இந்தப் பெண்ணின் தவறு. மனப்பாடம் செய்தாள் என்றால், புரியாமல் மனப்பாடம் செய்தாள் என்று ஆகும். நாம் நூறு சதவீதப் புரிதல் என்று டெல்லிவரை அறிக்கை அனுப்பியிருக்கிறோம். விருதும் கொடுத்திருக்கிறோம். அப்படியானால் அது நம் தவறு. நம் தவறு என்று எழுத இந்தப் படிவத்தில் இடமே இல்லை. நான் என்ன செய்யட்டும்?”

பிறகு என் பக்கம் திரும்பினார். “இவை உங்கள் வார்த்தைகள்தானே?”

“ஆமா சார்.”

“வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?”

சொல்வதற்கு நிறைய இருந்தது. தீப்பெட்டி ஆபீஸ், ஜன்னல், பசைக் கை, அவள் என்னிடம் மூன்று முறை கேட்டது, மூன்று முறையும் நான் சொல்லாதது. உக்கிரபாண்டியின் கைக்கு அடியில் இன்னொரு கோப்பு இருந்தது. கௌரவ விரிவுரையாளர்கள், புதுப்பித்தல் என்று அதன்மேல் எழுதியிருந்தது. என் மகன் பத்தாம் வகுப்புக்குப் போகிறான்.

“இல்ல சார்” என்றேன்.

எழுதிய தாள்கள் எல்லாம் ரத்து. இரண்டு வருஷத்துக்குத் தேர்வு எழுதத் தடை. அவள் எந்த இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று உக்கிரபாண்டி விரலை வைத்துக் காட்டினார். போட்டாள். நன்றி சார் என்று சொன்னாள். எங்கள் பிள்ளைகளுக்கு அப்படிச் சொல்லித்தான் பழக்கியிருக்கிறோம்.

கல்லூரி வாசலில், சங்கரன்கோவில் பஸ்ஸுக்கு அவள் நின்றுகொண்டிருந்தாள். நல்ல வெயில். வேறு யாருமில்லை, கேமராவும் இல்லை. நான் பக்கத்தில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயில் வந்தது வேறு.

“சந்தனமாரி, சுருக்கி எழுதுறதுன்னா ஒண்ணுமில்லம்மா. காலையில உங்க தீப்பெட்டி ஆபீஸ் கணக்குப்பிள்ளை வந்து கால் மணி நேரம் கத்துறாருன்னு வச்சுக்கோ. அதைப் பாலம்மா வந்து என்னன்னு கேட்டா நீ அவ்வளவையுமா சொல்லுவ?”

“இல்ல சார். லேபிளு கோணலா இருக்குன்னு ஏசுதாவன்னு சொல்லுவேன்.”

“அவ்வளவுதான். அவர் சொன்னது என்னன்னு புரிஞ்சிக்கிட்டு, தேவையில்லாததை விட்டுட்டு, உன் வாயால சொல்றது. அதையே ஆங்கிலத்துல சின்னச் சின்ன வாக்கியமா எழுதணும்.”

அவள் முகம் தெளிந்தது. ஒன்பது வருஷமாக அந்தத் தெளிவைப் பார்ப்பதற்காகத்தான் நான் இந்த வேலையில் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

“இவ்வளவுதானா சார்?”

“இவ்வளவுதாம்மா.”

ஏழு நிமிடம்கூட ஆகவில்லை. வாத்தியார் புத்தி என்னை விடவில்லை. “எங்கே, இப்ப உள்ளே நடந்ததைச் சுருக்கிச் சொல்லு பாப்போம்” என்று கேட்டுவிட்டேன். கேட்ட மறுநொடியே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அதற்குள் அவள் யோசிக்க ஆரம்பித்துவிட்டாள். விரல்விட்டு எண்ணிக்கொண்டு, பரீட்சையில் பதில் சொல்வதைப் போல நிமிர்ந்து நின்று சொன்னாள்.

“வீட்டுல படின்னாவ. படிச்சேன். படிச்சதுக்கு வெளிய அனுப்பிட்டாவ.”

பஸ் வளைவில் திரும்புவது தெரிந்தது. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள்.

“சரியா சார்?”

“சரிம்மா” என்றேன். “ரொம்பச் சரி.”

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. வாரேன் சார் என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள். பஸ் போன பிறகும் நான் அங்கேயே நின்று அழுதேன். ஜூன் மூன்றாம் தேதி என் வேலையைப் புதுப்பித்தார்கள்.